ஜி.இ.டி ஆங்கிலத் தேர்வு: ஸ்பானிஷ் பேசும் மாணவர்கள் சறுக்குவது எங்கே? அவர்களைத் தயார்படுத்துவது எப்படி?

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் மேல். அவர்களில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும், சொந்த ஊரில் படிப்பை முடிக்காமல் வேலைக்காக வந்தவர்களும் நிறைய. நல்ல வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பம் போட்டால் முதலில் வரும் கேள்வி, "ஹைஸ்கூல் முடிச்சிருக்கீங்களா?" என்பதுதான். முடிக்காதவர்களுக்கு இருக்கும் முக்கியமான வழிகளில் ஒன்று ஜி.இ.டி தேர்வு.

பகலில் கட்டட வேலை, ஹோட்டல் வேலை, வீட்டு வேலை என்று போய்விட்டு, மாலையில் கம்யூனிட்டி காலேஜ் வகுப்பில் உட்கார்ந்து இதற்குப் படிப்பவர்கள் ஏராளம். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்கள்கூட அந்த மொழித் தாளைக் கண்டு மிரள்கிறார்கள். பேச வருகிறது, எழுத ஏன் வரவில்லை?

ஜி.இ.டி என்றால் என்ன?

ஜெனரல் எஜுகேஷனல் டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம் இது. இரண்டாம் உலகப்போருக்காகப் படிப்பை விட்டுவிட்டுப் போன வீரர்களுக்காக 1942-ல் உருவாக்கப்பட்டது. 2014-ல் முழுவதுமாக மாற்றி அமைக்கப்பட்டு, கணினியில் எழுதும் தேர்வானது. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், மொழி என நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 145 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. கணக்கில் கூடுதலாக எடுத்து மொழியில் விட்டதை ஈடுகட்ட முடியாது.

மொழித் தாளின் முழுப்பெயர் 'ரீசனிங் த்ரூ லாங்குவேஜ் ஆர்ட்ஸ்'. மொத்தம் 150 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை. வாசித்துப் பதில் சொல்லும் கேள்விகள் ஒரு பக்கம். கடிதம், அறிவிப்பு மாதிரியான ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் நான்கு விருப்பங்களில் எது சரியான ஆங்கிலம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் இலக்கணக் கேள்விகள் இன்னொரு பக்கம். இவை போக, 45 நிமிடத்தில் ஒரு கட்டுரை.

'ஸ்பானிஷிலேயே எழுதலாமே?'

எழுதலாம். பல மாநிலங்களில் ஜி.இ.டி தேர்வு ஸ்பானிஷ் மொழியிலும் உண்டு. கணக்கை ஸ்பானிஷிலும் மொழித் தாளை ஆங்கிலத்திலும் எழுதும் வசதியும் பல இடங்களில் இருக்கிறது. சான்றிதழ் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஸ்பானிஷ் தேர்வு நல்ல வழி, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அடுத்து ஆங்கிலத்தில் நடக்கும் கல்லூரி வகுப்பில் உட்காரப் போகிறவர்கள் அந்த எழுத்துப் பயிற்சியை இப்போதோ பிறகோ செய்துதான் ஆக வேண்டும். ஆங்கிலத் தாளைத் தேர்ந்தெடுக்கும் பலருடைய கணக்கு இதுதான். மாணவரை ஆங்கில வகுப்பில் சேர்ப்பதற்கு முன்பே இந்த இரண்டு வழிகளையும் சொல்லிவிடுவது நல்லது. தெரியாமலேயே இரண்டு வருடம் போராடுபவர்கள் உண்டு.

ஒரே வகுப்பில் இரண்டு விதமான மாணவர்கள்

'ஸ்பானிஷ் பேசும் மாணவர்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், வகுப்பில் இருப்பது இரண்டு தரப்பு.

ஒருவர் மெக்சிகோவிலோ ஹோண்டுராஸிலோ பள்ளிக்குப் போய், பெரியவரான பிறகு அமெரிக்கா வந்தவர். அவருக்கு ஸ்பானிஷ் இலக்கணம் நன்றாகத் தெரியும். ஆங்கிலம் எழுதும்போது ஸ்பானிஷ் உள்ளே புகுந்துவிடும். இன்னொருவர் ஹூஸ்டனிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் வாயில் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கற்றது எல்லாம் காதால். அதனால் 'குட் ஹேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில், காதில் விழுந்தபடி 'குட் ஆஃப்' என்று எழுதுவார். ஒரே ஒலி கொண்ட 'தேர்' என்ற சொற்களில் 'அங்கே' எது, 'அவர்களுடைய' எது என்று குழம்புவார். இந்தக் குழப்பம் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த அமெரிக்க மாணவருக்கும் உண்டு.

இந்த இருவருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் இருவருக்கும் பாதி நேரம் வீண். அதனால் முதல் நாளே அரை மணி நேரம் கொடுத்து, ஏதாவது ஒரு தலைப்பில் ஒரு பக்கம் எழுத வைத்துப் பார்க்க வேண்டும். யார் எந்தத் தரப்பு என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஸ்பானிஷ் எங்கெல்லாம் புகுந்துவிடுகிறது?

தாய்மொழியையும் கற்கும் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்ற கருத்தைப் பரப்பியவர் ராபர்ட் லாடோ. 1957-ல் இவர் எழுதிய 'லிங்குவிஸ்டிக்ஸ் அக்ராஸ் கல்ச்சர்ஸ்' இந்தத் துறையில் முக்கியமான நூல். லாடோவே ஃபுளோரிடாவில் ஸ்பெயின் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்து, 21 வயதில் அமெரிக்கா திரும்பியவர். பின்னாளில் பிட் கார்டர் போன்றவர்கள், எல்லாப் பிழைக்கும் தாய்மொழியைக் காரணம் காட்ட முடியாது என்று சுட்டிக்காட்டினார்கள். அது உண்மைதான். ஆனாலும் ஸ்பானிஷ் மாணவரின் கட்டுரையைக் கையில் எடுத்தால் லாடோ சொன்ன இடங்களில்தான் பேனா அடிக்கடி நிற்கும்.

முதல் இடம், காணாமல் போகும் எழுவாய். ஸ்பானிஷில் வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே பேசுவது யார் என்று தெரிந்துவிடும். தமிழில் 'வந்தேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறதே, அதே மாதிரி. 'முக்கியம்' என்று சொல்ல ஸ்பானிஷில் 'எஸ் இம்போர்தான்தே' போதும். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் 'இஸ் இம்பார்டன்ட்' என்று ஆகிவிடும். முன்னால் வர வேண்டிய 'இட்' இல்லை. எதையும் குறிக்காத ஒரு சொல்லை எதற்காகப் போட வேண்டும் என்பது மாணவருக்குப் புரியாது. நியாயமான சந்தேகம்தான். அர்த்தத்துக்காக இல்லை, ஆங்கில வாக்கியத்தில் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகப் போடுகிறோம் என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது 'தி'. தமிழில் இதற்கு இணையான சொல்லே இல்லாததால் நாம் ஆங்கிலத்தில் அதை விட்டுவிடுவோம். ஸ்பானிஷ்காரர்கள் தேவைக்கு மேல் போட்டுவிடுவார்கள். 'வாழ்க்கை அழகானது' என்று பொதுவாகச் சொல்லும்போதும் ஸ்பானிஷில் 'லா வீதா' என்று 'லா' வர வேண்டும். அதனால்தான் கட்டுரையின் முதல் வரியே 'தி எஜுகேஷன் இஸ் இம்பார்டன்ட்' என்று தொடங்குகிறது.

ஒருமை, பன்மை இன்னொரு பொறி. மக்கள் என்பதற்கான 'ஹெந்தே' ஸ்பானிஷில் ஒருமை. எனவே 'பீப்பிள் இஸ்'. பெயர்ச்சொல் பன்மையானால் அதன் அடையும் பன்மையாக வேண்டும் என்பது ஸ்பானிஷ் விதி. எனவே 'டிஃபரென்ட்ஸ் ஒப்பீனியன்ஸ்'. 'சு' என்ற ஒரே சொல் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய எல்லாவற்றுக்கும் வருவதால், கட்டுரையில் பெண் ஆசிரியர் நடுவில் திடீரென்று ஆணாகிவிடுவார். சுட்டுப்பெயர் சரியாக இருக்கிறதா என்பது ஜி.இ.டி குறிப்பாகக் கவனிக்கும் விஷயங்களில் ஒன்று.

'என்னிடம் ஒன்றும் இல்லை' என்பதற்கு ஸ்பானிஷில் 'இல்லை' இரண்டு முறை வரும். ஆங்கிலத் தேர்வில் இரட்டை எதிர்மறை பிழை. '2015-லிருந்து இங்கே வசிக்கிறேன்' என்பதை ஸ்பானிஷும் தமிழைப் போலவே நிகழ்காலத்தில் சொல்லும். ஆங்கிலம் 'ஹேவ் லிவ்ட்' கேட்கும். 'இன்', 'ஆன்' இரண்டுக்கும் பல இடங்களில் 'என்' என்ற ஒரே சொல்தான் என்பதால் அதில் குழப்பம். 'டிபென்ட் ஆன்' என்பது 'டிபென்ட் ஆஃப்' ஆகும்.

எழுத்து வடிவத்திலும் சிக்கல் உண்டு. ஸ்பானிஷில் திங்கள், செவ்வாய், ஜனவரி, ஸ்பானிஷ், ஆங்கிலம் எல்லாமே சின்ன எழுத்தில்தான் தொடங்கும். உடைமையைக் காட்ட மேலே கொக்கி போடும் அப்போஸ்ட்ரஃபி பழக்கமே கிடையாது. 'ஹுவானின் புத்தகம்' என்பதை 'புத்தகம் ஆஃப் ஹுவான்' என்கிற அமைப்பில்தான் சொல்வார்கள். 'பாசிபிள்', 'டிஃபரென்ட்', 'ப்ரொஃபசர்' போன்ற சொற்களில் ஆங்கிலம் இரட்டிக்கும் எழுத்தை ஸ்பானிஷ் ஒற்றையாக எழுதும்.

மதிப்பெண்ணை விழுங்கும் காற்புள்ளி

இத்தனை பிழைகளில் ஒன்றை மட்டும் முதலில் சரிசெய்ய நேரம் இருக்கிறது என்றால், வாக்கிய எல்லையைத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்பானிஷ் எழுத்தில் நீளமான வாக்கியம் அழகு. ஒரு கருத்து, காற்புள்ளி, அதை ஒட்டி இன்னொரு கருத்து, மறுபடி காற்புள்ளி என்று ஐந்தாறு வரி போகும். 'வந்து, பார்த்து, கேட்டுவிட்டு, யோசித்து' என்று தமிழில் நாம் நீட்டுவதைப் போல. ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டினால் அது பிழை. இலக்கணக் கேள்வியிலும் இது வரும், கட்டுரையிலும் கண்ணில் படும். சின்ன எழுத்துப்பிழையைப் படிப்பவர் தாண்டிப் போய்விடலாம். வாக்கியம் எங்கே முடிகிறது என்றே தெரியாவிட்டால் கருத்தும் சேர்ந்து காணாமல் போகிறது.

இதற்கு ஒரு எளிய பயிற்சி பலன் தருகிறது. மாணவர் எழுதிய பத்தியை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்வது. காற்புள்ளி வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இடதுபக்கம் எழுவாயும் வினையும் இருக்கிறதா, வலதுபக்கம் இருக்கிறதா என்று கேட்பது. இரண்டு பக்கமும் இருந்தால் முற்றுப்புள்ளி வை, அல்லது 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்' மாதிரி ஒரு இணைப்புச் சொல் போடு. அவ்வளவுதான். பத்து நாள் இதை மட்டும் செய்தாலே பத்தியின் முகம் மாறிவிடும்.

ராபர்ட் கப்லான் என்ற மொழியியலாளர் 1966-ல் ஒரு கட்டுரையில் ஒவ்வொரு மொழிக் குடும்பத்தாரும் எழுதும் விதத்தைப் படமாகவே வரைந்து காட்டினார். ஆங்கிலத்துக்கு நேர்க்கோடு, ஸ்பானிஷ் உள்ளிட்ட மொழிகளுக்கு வளைந்து வளைந்து போகும் கோடு. மொத்த மக்களையும் ஒரு கோட்டில் அடைப்பது சரியா என்று அதற்குக் கடும் விமர்சனம் எழுந்தது. எழுந்ததும் நியாயமே. ஆனால் ஜி.இ.டி கட்டுரையைத் திருத்தும் முறை நேர்க்கோட்டைத்தான் எதிர்பார்க்கிறது என்பதை மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 'உன் எழுத்து மோசம்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'இந்த 45 நிமிடத்துக்கு மட்டும் இப்படி எழுது' என்றால் போதும்.

கைகொடுக்கும் ஸ்பானிஷ்

இதுவரை சொன்னதைப் பார்த்தால் ஸ்பானிஷ் ஒரு சுமை போலத் தோன்றலாம். உண்மையில் சொல்வளத்தில் அது பெரிய சொத்து. ஆங்கிலத்தின் கல்விச் சொற்களில் பெரும்பகுதி லத்தீன் வழி வந்தவை. ஸ்பானிஷ் லத்தீனின் நேரடி வாரிசு. ஸ்பானிஷில் 'சியோன்' என்று முடியும் சொல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'ஷன்', 'தாத்' என்று முடிவது 'ட்டி', 'மென்தே' என்று முடிவது 'லி'. இந்த மூன்று விதியைச் சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வரும்.

வேடிக்கை என்னவென்றால், இவர்களுக்குக் கஷ்டமான சொல் எளிது, எளிய சொல் கஷ்டம். 'டாலரேட்' உடனே புரியும், ஸ்பானிஷில் 'தோலெரார்' இருக்கிறது. அதே அர்த்தம் தரும் 'புட் அப் வித்' புரியாது. 'கமென்ஸ்' தெரியும், 'கெட் கோயிங்' தெரியாது.

ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்று எல்லாச் சொல்லையும் நம்பினால் ஆபத்து. ஸ்பானிஷில் 'அக்துவால்மென்தே' என்றால் 'தற்போது'. ஆங்கில 'ஆக்சுவலி' அல்ல. 'ஆசிஸ்தீர்' என்றால் கலந்துகொள்வது, உதவுவது என்ற பொருளில் அவ்வளவாக வராது. 'ரெயலிசார்' என்றால் செய்து முடிப்பது. 'எக்சிதோ' என்றால் வெற்றி, வெளியேறும் வழி அல்ல. இவற்றைவிட முக்கியமான ஒன்று தேர்வுக் கேள்வியிலேயே இருக்கிறது. கட்டுரைக் கேள்வி, எந்த வாதம் ஆதாரங்களால் நன்றாக 'சப்போர்ட்' செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்கும். ஸ்பானிஷில் 'சொபோர்தார்' என்றால் பொதுவாகச் சகித்துக்கொள்வது! கேள்வியிலேயே தடம் மாறாமல் இருக்க, 'சப்போர்ட்', 'எவிடென்ஸ்', 'கிளெய்ம்', 'ஆர்கியுமென்ட்' இந்த நான்கு சொல்லையும் முதல் வாரத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

45 நிமிடக் கட்டுரையில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

ஒரே விஷயத்தில் எதிரெதிர் கருத்துள்ள பகுதிகளைக் கொடுப்பார்கள். எந்தத் தரப்பு நல்ல ஆதாரத்தோடு பேசுகிறது என்று எழுத வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உதாரணமாக, பள்ளியில் சோடா விற்கத் தடை வேண்டுமா என்று இரண்டு பகுதிகள் இருந்தால், "எனக்கு சோடா பிடிக்காது, என் தம்பிக்குச் சர்க்கரை நோய்" என்று சொந்தக் கதையை எழுதிவிடுவார்கள். கேட்டது அது இல்லை. தடை வேண்டும் என்பவர் என்ன ஆதாரம் தருகிறார், வேண்டாம் என்பவர் என்ன தருகிறார், எதில் ஓட்டை இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாணவருக்குப் பிடிக்காத தரப்பே நல்ல ஆதாரம் கொடுத்திருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று கோணங்களில் மதிப்பிடுவார்கள். வாதத்தை அலசி ஆதாரம் காட்டியிருக்கிறாரா, கருத்துகளை ஒழுங்காக அடுக்கியிருக்கிறாரா, ஆங்கிலம் தெளிவாக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி. அதாவது இலக்கணம் மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் முழுப் புள்ளி பெறப் பிழையே இல்லாமல் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை, 45 நிமிடத்தில் எழுதுவது முதல் வரைவுதானே என்று விதிமுறையே சொல்கிறது. பயந்துபோன மாணவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

அதேசமயம், கொடுத்த பகுதியை அப்படியே நகல் எடுத்து ஒட்டினாலோ, ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதினாலோ புள்ளி கிடையாது. நீளம் 4 முதல் 7 பத்திகள், ஏறக்குறைய 300 முதல் 500 சொற்கள் இருக்கலாம் என்பது தேர்வு அமைப்பின் வழிகாட்டல்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? 10 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் திட்டம், 25 நிமிடம் எழுத்து, கடைசி 5 நிமிடம் சரிபார்ப்பு என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். திட்டத்தை ஸ்பானிஷில் குறித்துக்கொள்ளலாமா? தாராளமாக. யோசிக்கும் வேகம் கூடும். ஆனால் வாக்கியத்தையே ஸ்பானிஷில் யோசித்து மொழிபெயர்த்தால் அந்த நீளமும் காற்புள்ளியும் கூடவே வந்துவிடும். குறிப்பு ஸ்பானிஷில், வாக்கியம் ஆங்கிலத்தில், அதுவும் குட்டிக் குட்டியாக.

ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரிசை பழக்கலாம். முதலில் ஆசிரியர் சொல்லும் கருத்து. அடுத்து அவர் காட்டும் ஆதாரம், சொந்த வார்த்தையில். மூன்றாவதாக அந்த ஆதாரம் வலுவானதா, ஏன் என்ற விளக்கம். நிறைய மாணவர்கள் இரண்டாவதோடு நிறுத்திவிடுவார்கள். 'ஏன்' என்ற மூன்றாவது வாக்கியம்தான் அலசல்.

இன்னொரு விஷயம், டைப்பிங். எல்லாமே கீபோர்டில்தான். போனில் இரண்டு கட்டை விரலால் வேகமாகத் தட்டுபவர், கணினி முன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருப்பார். இலக்கணப் பயிற்சி அளவுக்கு இதற்கும் நேரம் ஒதுக்காவிட்டால் தெரிந்ததையும் எழுத முடியாது.

சிவப்பு மை எவ்வளவு?

எல்லாப் பிழையையும் திருத்த வேண்டுமா என்பது மொழி ஆசிரியர்களிடையே பழைய சண்டை. இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயனே இல்லை என்று 1996-ல் ஜான் டிரஸ்காட் எழுதினார். டேனா ஃபெரிஸ் 1999-ல் அதை மறுத்தார். வாதம் முடிந்தபாடில்லை. ஆனால் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவரின் கையில் நாற்பது சிவப்புக் கோடு போட்ட தாளைக் கொடுத்தால், அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வருவாரா என்பது சந்தேகம்தான்.

ஒரு கட்டுரையில் இரண்டு மூன்று வகைப் பிழைகளை மட்டும் எடுத்து, இடத்தை மட்டும் காட்டிவிட்டு, திருத்தத்தை மாணவரிடமே விடுவது நல்ல நடுவழி. அந்த மூன்றையும் அவர் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வின் கடைசி 5 நிமிடத்தில் மொத்தக் கட்டுரையையும் பொதுவாகப் பார்ப்பதைவிட, 'எழுவாய் இருக்கிறதா, காற்புள்ளி சரியா, பீப்பிள் ஆர் போட்டேனா' என்று தன்னுடைய மூன்றை மட்டும் தேடினால் அதிகம் சிக்கும்.

எப்போது தேர்வுக்குப் போகலாம்?

'ஜி.இ.டி ரெடி' என்ற அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு இருக்கிறது. பச்சை வந்தால் தேர்ச்சி பெறும் வாய்ப்பு அதிகம், மஞ்சள் வந்தால் சொல்ல முடியாது, சிவப்பு வந்தால் இன்னும் படிக்க வேண்டும். மஞ்சளில் இருப்பவர்கள்தான் அவசரப்படுவார்கள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோற்றால் அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப எழுதினால் போதும். தேறிய தாள்கள் அப்படியே இருக்கும். பொதுவான விதிப்படி முதல் மூன்று முயற்சிகளுக்கு இடையே காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதும் தவறினால் அடுத்த முயற்சிக்கு 60 நாள் இடைவெளி வேண்டும், மாநில விதிகள் சற்று வேறுபடலாம். முடிவோடு வரும் மதிப்பெண் அறிக்கையில் எந்தத் திறனில் குறை என்று குறிப்பிட்டிருப்பார்கள். மறுபடி பணம் கட்டுவதற்கு முன் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.